சாப்பாட்டு டோக்கனில் விழுந்த கோடு

அத்தாவுல்லா என் தங்கை மகன். எங்கள் அத்தா பெற்றது ஏழு பேர். நான் மூன்றாவது, அவனைப் பெற்ற ரஹீமுன்னிசா ஐந்தாவது. அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அத்தாவுல்லாவுக்குப் பதினேழு வயது, தங்கச்சி தஸ்னீமுக்கு ஆறு. அவர்கள் அத்தா அதற்கு முன்பே இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டு புளியந்தோப்புப் பக்கம் போய்விட்டார். அந்த ஆளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

தஸ்னீமை நான் வளர்க்கிறேன் என்றேன். அத்தாவுல்லா விடவில்லை. அவனே சோறு வடித்தான், அவனே அவளுக்குப் பேன் பார்த்தான். ராயபுரத்துப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். திருவொற்றியூரில் ஒரு பிரஸ் பட்டறையில் சேர்ந்து ஒன்பது வருஷம் வாஷர் அடித்தான். அந்தக் காசில்தான் அவள் பத்தாவது வரை படித்தாள். ஒன்பதாவது வருஷம் பிரஸ் அவனுடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. பிறகு எங்கும் மிஷினில் நிற்க வைக்கவில்லை. அவன் கல்யாணமும் அதோடு நின்றுபோயிற்று.

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்து வாசலில் ஒரு கட்டணக் கழிப்பிடம் இருக்கிறது. அதில் மேஜை போட்டு உட்கார்ந்து காசு வாங்குகிற வேலை அவனுக்குக் கிடைத்தது. ஊரெல்லாம் போனைக் காட்டிக் காசு கொடுக்கிற காலம் வந்த பிறகும் அங்கே மட்டும் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயுமாக ஈரக் காசு விழுந்துகொண்டே இருந்தது. அவனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

ஒவ்வொரு காசையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். இடது கைக் கட்டைவிரலில் நகம் வளர்த்திருந்தான், அதால் தடவுவான். மீன் விற்கும் ராமசெல்வி ஒரு நாள் வரிசையில் நின்றபடியே கத்தினாளாம்.

"இன்னா பாய், கக்கூஸ் காச மூக்காண்ட வெச்சுக்கினு கீற? அத்தர் வாசனை எதுனா வருதா?"

"உன் காசுல வஞ்சிர மீன் வாசன வருது. போ போ, அடுத்து நிக்கிறவங்க துடிக்கிறாங்க."

அவன் தேடியது விரிசல் விழுந்த அச்சில் அடித்த காசை. இதை எனக்கு அவன் பத்து தடவையாவது சொல்லியிருப்பான். காசு அடிக்கிற அச்சு எஃகுதான் என்றாலும், லட்சம் லட்சமாக அடித்து அடித்து ஒரு நாள் விண்டுபோகும். விண்ட இடத்தில் அடுத்த காசின் உலோகம் பிதுங்கிப் போய் நிற்கும். அதனால் காசில் ஒரு கோடு தெரியும்.

"முறுக்கு அச்சுல தட்டு விண்டுப் போயிருந்தா மாவு பிதுங்கி வருதுல்ல பெரிம்மா, அதேதான். கோடு பள்ளமா கீதுன்னா எவனோ ஆணியால கீறிட்டான். மேடா கீதுன்னா அச்சு விண்டுக்கீது. நகம் வெச்சா தட்டணும்."

இன்னும் சொல்வான். அந்தக் கோடு ஓரத்தில் தொடங்கும். எழுத்து மேலும் ஏறும், வெறும் இடத்திலும் ஓடும், எதற்கும் வழி விலகாது. விரிசல் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அச்சின் அந்தத் துண்டு கழன்று விழும். அதற்குப் பிறகு வரும் காசில் அந்த இடத்தில் எழுத்தே இருக்காது, மொட்டையாக ஒரு மேடு மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட காசுக்கு விலை உண்டு என்று ஈயத்தை ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டாம். அவனை ஏமாற்ற முடியாது. காசைத் திருப்புவான். நிஜமாக அச்சு உடைந்திருந்தால் மேட்டுக்கு நேர் பின்னாலும் முத்திரை மங்கியிருக்க வேண்டும், அங்கே அழுத்தம் விழுந்திருக்காது. பின்பக்கம் பளிச்சென்று இருந்தால் தூக்கி எறிந்துவிடுவான்.

மண்ணடியில் பழைய நாணயக் கடை வைத்திருந்த உசேன் அவனிடம் வாங்குவார். ஆனால் விற்பது அவனுக்குப் பெரிதாக இல்லை. ஒரே அச்சு, முதல் மயிர்க்கோட்டிலிருந்து உடைந்து விழும் வரை, படிப்படியாக அத்தனை காசும் தன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அது நடக்காத காரியம். சர்க்கார் அச்சில் ஒன்று விண்டால் அந்தக் காசு ஒன்று காஷ்மீருக்குப் போகும், ஒன்று கன்னியாகுமரிக்குப் போகும். பதினோரு வருஷத்தில் ஒரே அச்சில் பிறந்த இரண்டே இரண்டு காசுதான் அவனுக்குக் கிடைத்தது. "அந்த மாதிரி முழு வரிசை நம்ம ஊர்ல எவங்கிட்டயும் கெடையாது" என்று உசேன் சொன்னதை அவன் மறக்கவே இல்லை.

தஸ்னீமின் மாப்பிள்ளை பிலால் நல்ல பிள்ளை. தண்டையார்பேட்டை. அதிகம் பேசமாட்டான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் ஓட்டினான். ரெஜிஸ்டர் கிடையாது, பி.எஃப். கிடையாது, வாரக் கூலி. அந்தப் பட்டறைக்கு எண்ணூரில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனி கேன்டீனிலிருந்து பித்தளை டோக்கன் ஆர்டர் வந்தது. ஒரு பக்கம் பூப்போட்ட வட்டம், மறு பக்கம் "சாப்பாடு" என்ற எழுத்து. அச்சை, பட்டறையில் அதை டை என்பார்கள், ஜூன் மாதம்தான் புதிதாக வெட்டினார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். பொழுது சாயும்போது சூப்பர்வைசர் ராமதாஸ் இரண்டு அட்டைத் துண்டில் ஆளின் பேரும் அன்றைய தேதியும் எத்தனை அடித்தது என்ற கணக்கும் எழுதிக் கையெழுத்து போடுவார். அந்த இரண்டையும் பிரஸ்ஸில் அச்சுக்கு அடியில் வைத்து ஒரு அடி. அந்த அச்சின் தடம் அட்டையில் பதிந்துவிடும், யாரும் கள்ள அட்டை எழுத முடியாது. ஒன்று முதலாளிக்கு, ஒன்று ஆளுக்கு. கூலி வாங்கியதும் ஆட்கள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

பக்ரீத் முடிந்து நாலாம் நாள், ஜூலை மூன்றாம் தேதி, பிலால் ஒரு டோக்கனைக் கொண்டுவந்து மச்சான் கையில் கொடுத்தான். "உன் சமாச்சாரம் மாதிரி கீது, பாரு." அத்தாவுல்லா நகத்தை வைத்தான். "டு" என்ற எழுத்தின் காலடியில் ஓரத்திலிருந்து எள் நீளத்துக்கு ஒரு மேடு.

அன்று அவன் சோறு சாப்பிடவில்லை என்று தஸ்னீம் சொன்னாள். தினம் ஒன்று வேண்டும் என்று பிலாலிடம் கேட்டுக்கொண்டான். கணக்கு அட்டையிலும் அந்தக் கோடு விழுகிறது என்று தெரிந்ததும் அதையும் கேட்டான். பிலால் தினமும் டோக்கனை அன்றைய அட்டையில் வைத்து மடித்துக் கொண்டுவந்தான். சுற்றியிருந்தது கணக்கு அட்டை என்று தஸ்னீமுக்குத் தெரியாது. மூன்றாம் தேதி ஒரு பொட்டலம், நான்காம் தேதி ஒன்று. ஆறாம் தேதி கோடு "பா" மேல் ஏறிவிட்டது.

எட்டாம் தேதி சனிக்கிழமை. திருவொற்றியூரில் தஸ்னீம் வீட்டில் மூவரும் இருந்தார்கள். பிலால் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"சத்தம் மாறிப்போச்சு மச்சான். அடி விழும்போது வெண்கலப் பானைய தட்டுன மாதிரி கேக்கும், இப்ப சொத்துன்னு கீது. ராமதாஸண்ணங்கிட்ட சொல்லி டைய எறக்கிடலாம்னு பாக்குறேன்."

"சொல்லாத மாப்ள. எறக்குனா அத்தோட முடிஞ்சுது. இன்னும் நாலஞ்சு நாள் ஓட்டு. கோடு அந்தாண்ட ஓரத்துக்குப் போவட்டும்."

"விண்டு கிண்டு பறந்து வந்துச்சுன்னா?"

"எங்க வரும்? டைய சுத்தி இரும்பு வளையம் போட்டு இறுக்கிக்கீதுல்ல? விண்டாலும் அது உள்ளாரயேதான் நிக்கும். ஒம்போது வருசம் ஓட்டுனவன் சொல்றேன்."

தஸ்னீம் டீ ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் பொண்டாட்டி வேணாம் புள்ள வேணாம், அந்தப் பித்தளையே போதும்" என்றாளாம். மூவரும் சிரித்தார்கள்.

அத்தாவுல்லா வேலை செய்த பழைய பட்டறையில் எந்த அச்சுக்கும் வளையம் போட்டுத்தான் மாட்டுவார்கள். இந்தப் பட்டறையில் வளையம் கிடையாது, இரண்டு போல்ட் மட்டும். அவன் அந்தப் பிரஸ்ஸை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பிலால் வளையம் போட்டு ஓட்டியதே இல்லை, அதனால் மச்சான் எந்த வளையத்தைச் சொல்கிறான் என்று கேட்கத் தோன்றவில்லை.

பதின்மூன்றாம் தேதி கோடு "சா"வைத் தாண்டி எதிர் ஓரத்தைத் தொட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டுத் திரும்ப வந்து பிரஸ்ஸில் நின்ற பிலாலின் கழுத்தில் அச்சின் பாதித் துண்டு வந்து பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பத்து நான்கு வயது. மகள் ஃபராவுக்கு ஐந்து.

முதலாளி மய்யத்துக்கு வந்தார், மாலை போட்டார். மறுவாரம் போலீஸில் எழுதிக் கொடுத்தார். பிலால் தன்னிடம் வேலையை விட்டு நின்று ஒரு வருஷம் ஆகிறது, ஜும்மா நேரத்தில் ஆளில்லாதபோது பழைய சாவியால் திறந்து சொந்தத்துக்கு ஏதோ அடித்துக்கொண்டான், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் கூட வேலை செய்தவர்கள். அவர்களை அதற்குள் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள்.

தஸ்னீம் இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது, வெளி ஆண்களைப் பார்க்கக்கூடாது. கூடப் பிறந்தவன் மட்டும் வரலாம். அதனால் எல்லாவற்றுக்கும் அத்தாவுல்லாதான். காலையில் பால் வாங்கி வருவான், ஃபராவைப் பள்ளிக்கூடத்தில் விடுவான், பிறகு காசிமேட்டுக்கு ஓடுவான். வியாசர்பாடி வக்கீல் ரமாபாய் கேஸை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் வீட்டுக்கே வந்து தஸ்னீமின் கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டாள்.

"அவரு அங்க வேல செஞ்சாருன்னு ஒரு துண்டுக் காயிதம் கெடச்சாலும் போதும்மா. இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

"அட்டை எல்லாம் கிழிச்சிப் போட்டுடுவாருக்கா. அண்ணங்கிட்ட கேளுங்க. அண்ணன் எதுனா பண்ணும்."

அத்தாவுல்லா கதவோரம் நின்றுகொண்டிருந்தான். பதினோரு பொட்டலமும் அவன் அறையில் பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

அவன் சும்மா இருந்தான் என்று சொல்ல முடியாது. பொட்டலத்தைக் கொடுக்காமல் வேறு ஏதாவது வழியில் ஆகிவிடாதா என்று அலைந்தான். ராமதாஸ் வீட்டுக்கு ஐந்து தடவை போனான். கடைசியில் அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். "பாய், எனக்கும் ரெண்டு பொண்ணு கீது. மொதலாளி வூட்லதான் வாடகைக்குக் கீறேன். என்ன வுட்டுடு." டிசம்பரில் மழை வெள்ளத்தோடு கம்பெனி எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தபோது, அவன் துணிமணியை விட்டுவிட்டு அந்த டப்பாவை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றான். பக்கத்து வீட்டார் அதில் நகை இருக்கிறது என்று நினைத்தார்கள்.

ஜனவரியில் தொழிலாளர் ஆபீஸில் முதல் விசாரணை. தஸ்னீமுக்குத் துணையாக நான் போயிருந்தேன். முதலாளியின் வக்கீல் பத்து நிமிஷம்தான் பேசினார். ரமாபாயிடம் காட்ட ஒன்றும் இல்லை. அடுத்த தேதிக்குள் ஆதாரம் தராவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டிவரும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பஸ்ஸில் தஸ்னீம் என் தோளில் சாய்ந்து, "ஃபராவ வேற ஸ்கூல்ல போடணும் பெரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அத்தாவுல்லா ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்தான். டப்பாவைத் தரையில் வைத்தான். எட்டாம் தேதி பேசியது முதல் எல்லாவற்றையும் சொன்னான். அழவில்லை. நடுவில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டான்.

"இத்த குடுத்தா, உன்னாண்ட எப்டி வந்துச்சுன்னு கேப்பாங்க பெரிம்மா."

"கேட்டா இன்னாடா? அவனே சொம்மா கொண்டாந்து குடுத்தான்னு சொல்லு."

"அவன் டைய எறக்கணும்னுதான் சொன்னான். நான்தான்..."

"அத்த மென்னு முழுங்கு. பொட்டலத்த குடு, புள்ளைக்குச் சோறு வரட்டும். செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறானா?"

இதை நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னது, மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த விசாரணை மார்ச்சில். ரமாபாய் பதினோரு அட்டையையும் டோக்கனையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். எதிர் வக்கீல் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தேதி இருக்கு, மாசம் எங்கே, வருஷம் எங்கே? அவன் வேலை செஞ்ச காலத்துப் பழைய அட்டை."

அத்தாவுல்லாவைப் பேசச் சொன்னார்கள். அந்த நாளில் அவனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கக்கூஸ் மேஜையில் குனிந்தே இருப்பவன், அங்கே நிமிர்ந்து நின்றான்.

"அட்டையில பதிஞ்சுக்கீற அச்ச பாருங்க சார். இந்த அச்சு வெட்டுனதே அவன் சாவுறதுக்கு முந்துன ஜூன் மாசம்தான். கேன்டீன் பில்லு வக்கீலம்மா குடுத்துக்கீறாங்க. போன வருச அட்டைல இது எப்டி வரும்? இப்ப இந்தக் கோட்ட பாருங்க. மூணாந்தேதி 'டு'க்கு கீய நிக்குது. ஆறாந்தேதி 'பா'. பத்தாந்தேதி 'ப்' மேல கீற புள்ளி. பதிமூணாந்தேதி இந்த ஓரம். விரிசல் முன்னாடிதான் போவும் சார், பின்னாடி வராது. டோக்கன்லயும் அதே எடம், அட்டையிலயும் அதே எடம். பதினாலாந்தேதி உடைஞ்ச டை போலீஸாண்ட கீது. வெச்சுப் பாத்துக்குங்க."

உடைந்த அச்சின் இரண்டு துண்டும் துணிப்பையில் வந்திருந்தன. வெளியே எடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தஸ்னீம் பார்த்தாள்.

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். "டோக்கனில் கோடு வலது பக்கம் தொடங்குது. டையில் உடைசல் இடது பக்கம் தொடங்குது. இரண்டும் வேற வேற!"

"கண்ணாடில மூஞ்சி பாக்க மாட்டீங்களா சார் நீங்க?" என்றான் அத்தாவுல்லா. குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். "அச்சுல எழுத்து திருப்பித்தான் வெட்டுவாங்க. அடிச்சாத்தான் நேரா வரும். சீல் வெக்கிற அரக்கு கீதா சார் இங்க?"

இருந்தது. அதிகாரியே மெழுகுவத்தி கொளுத்தச் சொன்னார். அத்தாவுல்லா இரண்டு துண்டையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினான். ஒரு கையில் மூன்றே விரல், ஆனாலும் யாரையும் பிடிக்க விடவில்லை. உருகிய அரக்கில் அழுத்தி எடுத்தான். சிவப்பு அரக்கில் "சாப்பாடு" நேராக நின்றது. அதன் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கோடு மேடாக ஓடியது. அதிகாரி பதின்மூன்றாம் தேதி அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுதான்" என்றார்.

ரமாபாய் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிர் வக்கீல் உட்காரவில்லை.

"சரி. வேலை செஞ்சான்னே வெச்சுக்குவோம். தினம் ஒரு டோக்கன் இவருக்கு எதுக்கு வந்தது? இந்த மாதிரிக் காசை இவர் விக்கிறவர். பிலால் அச்சு விண்டதைத் தெரிஞ்சும் எங்ககிட்ட மறைச்சு, மச்சானுக்குத் திருடிக் கொடுத்திருக்கான். திருட்டுக்காகவே உடைஞ்ச டையை ஓட்டியிருக்கான். அப்படித்தானே?"

அதிகாரி அத்தாவுல்லாவைப் பார்த்தார். நான் பெஞ்சில் இருந்தபடியே கண்ணைக் காட்டினேன், மெல்லு, முழுங்கு என்று. அவன் என்னைப் பார்க்கவில்லை. தஸ்னீமையும் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பிலால் திருடன் இல்ல சார். எட்டாந்தேதி அவன் டைய எறக்கச் சொல்லப்போறேன்னு எங்கிட்ட சொன்னான். நான்தான் வாணாம்னேன். ஓட்டச் சொன்னது நானு. எனக்கு இந்த வரிசை முழுசா வேணும்னு இருந்துச்சு. வளையம் போட்டிருக்கும்னு நெனச்சுக்கினேன். அவன் எம் பேச்ச நம்புனான்."

அதிகாரி ஒவ்வொரு வார்த்தையையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு ரமாபாய் எழுந்து, இதே கோடு விழுந்த பதினோரு அட்டை முதலாளி கைக்கும் தினமும் போயிருக்கிறது, அவருக்கும் கண் இருந்தது என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். அத்தாவுல்லாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், இடது கையால் போட்டான்.

வெளியே படிக்கட்டில் வெயில். தஸ்னீம் எனக்கு முன்னால் இறங்கிப் போய் நின்றாள். அவன் பின்னால் வந்தான்.

"நானும் அங்கதான டீ ஊத்திக்கினு இருந்தேன்" என்றாள். குரல் ஏறவில்லை. "நாலு மாசம் பத்து நாள் தெனம் பால் வாங்கிக்கினு வந்தியே. ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலயாண்ணே?"

"தெனமும் தோணுச்சும்மா."

"ரமாபாய்க்கா கேட்டப்பகூட கதவாண்ட நின்னுக்கினு இருந்த."

"ஆமா."

"நீ இன்னிக்கி சொல்லலன்னா அவர திருடன்னு எழுதியிருப்பாங்க. அத்தயும் நான் பாத்தேன்." கொஞ்ச நேரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். "பணம் வந்தா வரட்டும். நீ வராத. ஃபராவ நானே ஸ்கூல்ல வுட்டுக்கிறேன்."

அவன் சரி என்றான். நாங்கள் ரமாபாயோடு ஆட்டோவில் ஏறினோம். அவன் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான். ஆட்டோவில் நான் வாயைத் திறந்தேன். "அவனும் உன்ன வளத்தவன்தானம்மா..." தஸ்னீம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் அவனுக்குக் கண்ணு காட்டுனீங்க, நான் பாத்தேன்" என்றாள்.

ஆர்டர் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிலால் அங்கே வேலை செய்தவன்தான், வேலையில்தான் செத்தான், முதலாளி பணம் கட்ட வேண்டும் என்று வந்தது. அவர் கட்டினார். அதே இடத்தில் இப்போது வேறு பிரஸ் ஓடுகிறது. ராமதாஸ்தான் சூப்பர்வைசர். அச்சுக்கு வளையம் போட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. தஸ்னீம் பாதிப் பணத்தை ஃபரா பேரில் போட்டுவிட்டு, மீதியில் ஒரு தையல் மிஷின் வாங்கி ஜாக்கெட் தைக்கிறாள்.

அந்தப் பதினோரு டோக்கனும் தொழிலாளர் ஆபீஸில் கேஸ் கட்டுக்குள் இருக்கின்றன. உசேன் ஒரு நாள் காசிமேட்டுக்கே போய், மனு போட்டு அதைத் திரும்ப வாங்கினால் நல்ல விலை தருகிறேன் என்றாராம். அத்தாவுல்லா மேஜையில் இருந்த காசையெல்லாம் அள்ளி டப்பாவில் போட்டுவிட்டு, "உள்ள போவணும்னா அஞ்சு ரூபா" என்று சொன்னானாம். ராமசெல்விதான் எனக்கு வந்து சொன்னாள். "முன்னெல்லாம் நாங்க கிண்டல் பண்ணா திருப்பிக் குடுப்பாருக்கா. இப்ப சில்லற எடுத்து வெச்சுட்டு ரோட்டயே பாத்துக்கினு கீறாரு."

இந்த வருஷம் பிலாலுக்கு இரண்டாவது வருஷ நினைவு நாள் பாத்தியா ஓதினார்கள். தஸ்னீம் வீட்டில் பிரியாணி ஆக்கி நாற்பது பேருக்குப் போட்டாள். நான் கை கழுவ வெளியே வந்தபோது எதிர்ச் சந்து முனையில் மின்கம்பத்தை ஒட்டி அத்தாவுல்லா நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, தொப்பி, எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, முதுகு முழுக்க வியர்வை. நான் உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் இரண்டு துண்டு கறியும் வைத்து எடுத்து வந்து நீட்டினேன்.

"அவ குடுத்தாளா பெரிம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னவோ எனக்கு வரவில்லை.

"இல்லடா. நான்தான் எடுத்தாந்தேன். துன்னு."

"அப்ப வாணாம்" என்றான். தட்டின் ஓரத்தை ஒரு தடவை தொட்டு, என் கையில் சூடு படாமல் இருக்க அடியில் இருந்த துணியை இழுத்துச் சரி செய்துவிட்டு, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்து போனான். நான் தட்டோடு உள்ளே போனேன். தஸ்னீம் வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டைப் பார்த்தாள். வாங்கி, சோற்றை மறுபடியும் தேக்சாவில் கொட்டி மூடினாள்.